ஐப்பசி அடைமழையில் கோழியைத் திறந்து விடலாமா?

மன்னார்குடிக் கொல்லை:
கொல்லையில் பதினோரு சிறுவிடைக் கோழிகள், ஒரு சேவல், இருபது நாள் குஞ்சுகள் ஒன்பது. நான்கு நாளாக மழை விட்டபாடில்லை. அடைத்து வைத்தால் ஒன்றையொன்று கொத்துகின்றன. திறந்தால் நேராகச் சேற்றுக்குப் போகின்றன. "நனைந்தால் கரைய அது என்ன சர்க்கரையா?" என்கிறார் மாமியார். வெளியே விட்டால் கழிச்சல் வந்து மொத்தமும் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எதைக் கேட்பது?

செம்மண் சேவல், புதுக்கோட்டை:
மாமியார் சொல்வதைக் கேளுங்கள் அக்கா. வளர்ந்த கோழியின் வால் அடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதை அலகால் தொட்டுத் தொட்டு இறகு முழுக்கப் பூசிக்கொள்ளும். தூறலில் தண்ணீர் மேலோடு உருண்டு ஓடிவிடும்.

பயப்பட வேண்டியது கூட்டுக்குள்தான். காலையில் கதவைத் திறந்ததும் தரைவரை குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அது அம்மோனியா. ஈர எச்சத்திலிருந்து கிளம்புவது. நாம் ஒரு நிமிடத்தில் நிமிர்ந்துவிடுவோம், கோழியின் மூக்கு நாள் முழுக்க அந்த உயரத்திலேயே இருக்கிறது. அப்புறம் சளி பிடித்துவிட்டது, கண் ஒட்டிக்கொண்டது என்று மழையைத் திட்டுகிறோம். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும்போது கோழி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதை அடைத்து வைக்க மனம் வராது.

கடலோரக் கூடு, கடலூர்:
தம்பி, உங்கள் செம்மண்ணில் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். அவர் இருப்பது டெல்டா. களிமண்ணில் தேங்கினால் நாள்கணக்கில் அப்படியே நிற்கும்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட் ஒரு வைரஸ் நோய். அது மழையால் வருவதில்லை, நோயுள்ள கோழியிடமிருந்து வருகிறது, தடுப்பூசிதான் காப்பு. மழையோடு ஒட்டி வருவது இரத்தக் கழிச்சல். அந்தக் கிருமியின் முட்டை எச்சத்தோடு விழும்போது உடனே தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து தொற்றுகிற நிலைக்கு வந்துவிடும். கோழி சேற்றைக் கிளறிக் கொத்தும்போது அதையும் சேர்த்து விழுங்குகிறது.

மூன்று வருடத்துக்கு முன் கார்த்திகையில் ஒரு மாதக் குஞ்சுகள் பதினான்கைத் தாயோடு ஈரத்தில் மேய விட்டேன். ஒரு காலை நான்கு குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, கழுத்தை உள்ளே இழுத்தபடி மூலையில் நின்றன. எச்சம் தக்காளியைப் பிழிந்த மாதிரி இருந்தது. கால்நடை மருத்துவர் ஆம்ப்ரோலியம் கொடுத்தார், தண்ணீரில் கலந்து வைத்தேன். ஐந்துதான் பிழைத்தன. அதிலிருந்து மழைக்காலத்தில் என் கூட்டுக் கதவு திறப்பதில்லை.

செம்மண் சேவல், புதுக்கோட்டை:
வருத்தமாக இருக்கிறது அக்கா. குஞ்சு விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதன் உடம்பில் இருப்பது பஞ்சு மயிர், நனைந்தால் விறைத்துவிடும். இறகு முளைத்து மூடும்வரை வெளியே விடவே கூடாது.

ஆனால் கிருமிக்கு ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அவை இரண்டும் சேர்ந்து இருக்கிற இடம் எது? பன்னிரண்டு கோழி நான்கு நாளாக எச்சமிட்ட கூட்டுத் தரைதானே? வெளியே அந்த எச்சம் கொல்லை முழுக்கப் பரவிப் போகும். உள்ளே ஒரே இடத்தில் மிதித்து, அதிலேயே கொத்துகின்றன.

கடலோரக் கூடு, கடலூர்:
கூட்டு உமியை நான் மாற்றிவிடுவேன், கொல்லையை எப்படி மாற்றுவேன்? தினமும் காலையில் கிளறி, நனைந்த பகுதியை அள்ளிவிட்டுப் புது உமி போடுகிறேன். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருக்கிறேன், சிந்தினால் அங்கேதான் முதலில் ஈரம். ஈரக் கொல்லையில் நத்தையும் வண்டும் பெருகும், அவற்றைத் தின்றால் நாடாப்புழு வரலாம். கொத்துச் சண்டைக்குக் கீரைக் கட்டை உயரத்தில் தொங்க விடுங்கள். எட்டிக் கொத்துவதிலேயே பொழுது போய்விடும்.

அம்பைப் பெரியம்மா:
இரண்டு பேரும் கதவையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கூட்டை ஒட்டித் தார்ப்பாய் கட்டி, கீழே ஒரு சாண் மணல் கொட்டினால் போதாதா? மூலையில் அடுப்புச் சாம்பல் போடம்மா. மழையில் மண்குளியல் இல்லாமல் பேன் ஏறிவிடும். தீவன மூட்டையையும் பார், பூசணம் பிடித்த சோளத்தைப் போட்டால் ஈரல் கெட்டுவிடும்.

மன்னார்குடிக் கொல்லை:
குனிந்து பார்த்தேன் தம்பி, கண்ணீரே வந்துவிட்டது. இரண்டு கூடை ஈர உமி அள்ளினேன். அடியில் அடை மாதிரி இறுகிக் கிடந்தது. பெரியம்மா சொன்ன மாதிரி தார்ப்பாய் கட்டியாகிவிட்டது, மணல் நாளைக்கு வரும். இன்று தூறலாக இருந்தபோது பத்து மணிக்குப் பெரியவற்றை மட்டும் திறந்து விட்டேன். சேவல் வாசலிலேயே ஒற்றைக் காலில் நின்றது. ஐந்து கோழிகள் முருங்கையடி மேட்டுக்குப் போய்க் கிளறின, மற்றவை தார்ப்பாயைத் தாண்டவில்லை. மழை வலுத்ததும் கூப்பிடாமலே எல்லாம் உள்ளே வந்துவிட்டன. குஞ்சுகள் அடுப்படிப் பஞ்சாரத்தில்.

கடலோரக் கூடு, கடலூர்:
மேட்டில் மட்டும் மேய்ந்தால் சரி, பள்ளத்துப் பக்கம் வலை கட்டிவிடுங்கள். குஞ்சுகளின் எச்சத்தை இன்று பார்த்தீர்களா?

மன்னார்குடிக் கொல்லை:
பார்த்தேன் அக்கா. கெட்டியாக, மேலே வெள்ளையோடு இருக்கிறது. நாளைக் காலையும் பார்த்துச் சொல்கிறேன்.