புதுப்பிப்பு: ஹை ஃப்ரீக்வென்சி முகக் கருவி ஒப்பீடு

கண்ணாடிக் குழாய் வழியாகச் சிறு மின்பொறியை முகத்தோலில் பாய்ச்சும் கைக்கருவி இது. முந்தைய பதிவில் இவற்றின் விலை, வாட், குழாய்களின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டிருந்தோம். குளிரும் மூடுபனியுமான ஊரில் எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்று குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்காக இந்தப் பதிவு.

முதலில் வோல்டேஜ். அடிப்பக்க ஸ்டிக்கரில் 110 மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். நம் 230 வோல்ட்டில் செருகினால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் புகைந்துவிடும். பிளக்கின் முனையை மட்டும் மாற்றும் அடாப்டர் வோல்டேஜைக் குறைக்காது.

குழாயில் ஊதா ஒளி வந்தால் உள்ளிருப்பது ஆர்கான் வாயு, ஆரஞ்சு வந்தால் நியான் வாயு. பருவுக்கு ஆர்கான்தான் வழக்கம். எண்ணிக்கையில் மயங்க வேண்டாம்: காளான் வடிவம் ஒன்று, வளைந்த முனை ஒன்று போதும். சீப்பு வடிவக் குழாய் தலைக்குத்தான். குழாயின் உலோக மூடி கைப்பிடிக்குள் ஆடாமல் உட்கார வேண்டும்; ஆடினால் உள்ளேயே பொறி தட்டும். டயலைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த பிறகே குழாயை மாற்றுங்கள்.

மூடுபனி நாளில் கண்ணாடிக் குழாயின் மேல் நீர் பூத்திருக்கும். துடைக்காமல் முகத்தில் வைத்தால் சுரீரென்று கடிக்கும்.

ஹீட்டர் போட்டு ஜன்னலை அடைத்த அறையில் வேண்டாம். வெல்டிங் பட்டறை போல வரும் வாடை ஓசோன், மூச்சுக்கு ஆகாது. மூக்குத்தி, தோடு கழற்றுங்கள். ஆல்கஹால் டோனரோ, (நம்மூர் வழக்கப்படி) ஜலதோஷத்துக்கு நீலகிரித் தைலமோ தடவிய முகத்தில் கூடவே கூடாது, பொறியில் பற்றிக்கொள்ளும். பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வாங்கவே வேண்டாம்.