சேற்றில் மாட்டிய வண்டியை இழுத்தபோது ஷேக்கிள் பறந்த அனுபவம் (உங்களுடையதையும் எழுதுங்க)

முன்சக்கரம் இரண்டும் சேற்றில் பாதிக்கு மேல் புதைந்துவிட்டன. நண்பர் தன் வண்டியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கையில் 9 மீட்டர் நைலான் ஸ்னாட்ச் ஸ்ட்ராப் (ரப்பர் மாதிரி நீண்டு சுண்டி இழுக்கிற பட்டை), அதை வண்டியில் மாட்ட இரண்டு ஷேக்கிள் (திருகு பின் போட்டு வாயை மூடுகிற U வடிவ இரும்பு). என் பம்பருக்கு அடியில் ஒரு வளையம் இருந்தது. இழுக்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து மாட்டிவிட்டேன். லாரியில் ஏற்றும்போது வண்டி நகராமல் கட்டிவைக்கிற வளையமாம் அது.

முதல் இழுப்பில் அசையவில்லை. அடுத்ததில் அவர் வேகத்தைக் கூட்டினார். ஒரு 'டப்'. அவ்வளவுதான், எதுவும் கண்ணில் படவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் வண்டியின் பின்கண்ணாடி தூள். பின்சீட்டின் சாய்மானத்தில் பஞ்சு வரை செருகிக் கிடந்தது ஷேக்கிள். வளையமும் அதிலேயே தொங்கியது, பிய்ந்த தகட்டுத் துண்டோடு. சீட் காலியாக இருந்ததால் தப்பித்தோம்.

ஸ்ட்ராப்பைத்தான் ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு கீறல்கூட இல்லை! நைலான் சுமார் 20 சதவீதம் நீளும். 9 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர். அந்த இழுவிசை முழுக்க உள்ளே இருக்கும்போது ஒரு முனை விட்டால் கவண்கல் கதைதான். கல்லுக்குப் பதில் இரும்பு.

இப்போது சேஸிஸில் போல்ட் போட்ட, தாங்குதிறன் தெரிந்த கொக்கி இல்லாமல் ஸ்ட்ராப்பை வெளியே எடுப்பதே இல்லை. அதற்கும் முன்னால் மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற சேற்றை வாரி, டயர் காற்றைக் குறைத்தாலே பாதி நேரம் வண்டி தானாக ஏறிவிடுகிறது.

மறுமொழி: அண்ணே, நான் டிரெய்லர் மாட்டுகிற குண்டில் ஸ்ட்ராப்பைப் போட்டவன். பக்கத்தில் நின்ற பெரியவர் "முதல்ல அதைக் கழட்டுப்பா" என்றார். அவரோடு சண்டைக்கே போய்விட்டேன். குண்டின் கழுத்து அந்த வெட்டு இழுப்புக்குச் செய்ததே இல்லை, முறிந்தால் பீரங்கிக் குண்டு என்று பிறகு படித்ததும் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

மறுமொழி: ஸ்ட்ராப் நீளம் போதாவிட்டால் என்ன செய்வீங்க? இரண்டு ஸ்ட்ராப்பை நடுவில் ஷேக்கிள் போட்டு இணைக்கலாமா?

மறுமொழி: கூடவே கூடாது. எந்தப் பக்கம் அறுந்தாலும் அந்த இரும்பு பறக்கும். ஒரு ஸ்ட்ராப்பின் முனையில் இருக்கிற காதுக்குள் மற்றதை நுழைத்துக் கோத்து, முடிச்சு இறுகாமலிருக்க நடுவே சுருட்டிய பத்திரிகை ஒன்றைச் செருகுங்க. இழுக்கும்போது, அறுந்தால் துள்ளல் குறைய ஸ்ட்ராப் மேல் நடுவில் ஈரச் சாக்கு ஒன்று கிடக்கட்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் ஸ்ட்ராப் நீளத்தில் ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்கணும். அவர்களை நகர்த்துவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

மறுமொழி: என் கதை சின்னது. ஷேக்கிளின் திருகு பின்னை ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். இழுத்து முடித்ததும் கழலவே இல்லை, கடைசியில் ரம்பம் போட்டு அறுத்தோம். இப்போது கையாலேயே முழுக்கத் திருகி, கால் சுற்றுத் தளர்த்தி விடுகிறேன்.