சிஓபிடியும் ஸ்லீப் ஆப்னியாவும் சேர்ந்திருந்தால் வைட்டமின் டி எவ்வளவு உதவும்?

கேள்வி:
சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்), ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) இரண்டும் உள்ள 62 வயதுக்காரர். ரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி மில்லிக்கு 9 நானோகிராம்தான். வாரம் ஒரு 60,000 யூனிட் மாத்திரை, 8 வாரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். மூச்சிரைப்பு குறையுமா? குறட்டை அடங்கி, சிபாப்பை (தூக்கத்தில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) நிறுத்த முடியுமா?

பதில் 1:
சிஓபிடியில் பலன் இருக்கலாம், ஆனால் ரத்தத்தில் வைட்டமின் டி 10 நானோகிராமுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான். 2019-ல் பல சோதனைகளின் நோயாளர் தரவுகளைச் சேர்த்து அலசியபோது, அவர்களுக்கு மட்டுமே நோய் திடீரென முற்றுவது குறைந்தது. 9 என்பதால் மாத்திரையை விடவே கூடாது. ஆனால் படி ஏறும்போது வரும் இரைப்பு இதனால் குறையும் என்று நம்ப வேண்டாம். அதற்கு இன்ஹேலரைச் சரியாக இழுப்பதும் நுரையீரல் பயிற்சியும்தான் வழி.

பதில் 2:
சிபாப்பை நிறுத்தவே வேண்டாம். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி அடைபடுவதுதான் ஆப்னியா. வைட்டமின் டி அதைத் திறந்து வைக்காது. ஆப்னியா உள்ளவர்களிடம் வைட்டமின் டி குறைவாகக் காணப்படுவதற்கு உடல் பருமனும் ஒரு காரணம்: இந்த வைட்டமின் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். பருமனானவர்களுக்கு 2 முதல் 3 மடங்கு மருந்து தேவைப்படுவதும் அதனால்தான். இரண்டு நோயும் சேர்ந்தால் இரவில் ஆக்சிஜன் இன்னும் ஆழமாக இறங்கும். கருவியைக் கழற்றும் முடிவு மறு தூக்கப் பரிசோதனைக்குப் பிறகே.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மாத்திரையை எப்போது போடுவது?

பதில் 3:
கொழுப்புள்ள முக்கிய உணவோடு, வாரத்தில் ஒரே கிழமையில். அந்தக் கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வார மாத்திரையைத் தினமும் விழுங்கிவிடுவதுதான் பெரிய ஆபத்து: ரத்தத்தில் கால்சியம் ஏறி அடங்காத தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம் வரும். சார்காய்டோசிஸ் (நுரையீரல் போன்ற உறுப்புகளில் அழற்சிக் கட்டிகள் வரும் நோய்), காசநோய் இருந்தால் சாதாரண மருந்தளவிலேயே கால்சியம் ஏறலாம். மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்களும் முதலிலேயே சொல்ல வேண்டும். மறு ரத்தப் பரிசோதனை தொடங்கி 3 மாதம் கழித்துப் போதும். ரத்தத்தில் உள்ள வைட்டமின் டி பாதியாகக் குறையவே 2, 3 வாரம் (அரை ஆயுள்) ஆகும், அளவு மெதுவாகத்தான் நிலைபெறும் என்பதால் அவசரமாகப் பார்த்தால் எண் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். 8 வாரம் முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டால் அளவு மறுபடி இறங்கும். தினசரி பராமரிப்பு அளவை மருத்துவரிடம் அப்போதே கேட்டு வாங்குங்கள். எலும்பைத் தேய்க்கும் ஸ்டீராய்டான ப்ரெட்னிசோலோன் மாத்திரை அடிக்கடி எடுப்பவரானால் எலும்பு அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்கள்.