மஞ்சள் ஓட்டின் மேல் மோட்டார் சைக்கிள்: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறோம். என் அண்ணனுக்குப் பார்வை இல்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் இது. வெள்ளைக்கோல் தட்டும் சத்தம் கேட்காத நாளே இல்லை. நடைபாதையில் மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீளக் கோடு என்றால் நேராகப் போகலாம், வட்டப் புள்ளி என்றால் நின்று கவனிக்க வேண்டும். அண்ணன் செருப்பின் அடியிலேயே அதைப் படித்துவிடுவார்.

போன வாரம் அந்தக் கோடு நேராக ஒரு மோட்டார் சைக்கிளில் போய் முடிந்தது. அப்போதுதான் நிறுத்தியிருக்கிறார்கள். சூடான புகைக்குழாய் பட்டு அண்ணன் கெண்டைக்காலில் தோல் உரிந்துவிட்டது. "பரவாயில்லம்மா, நான்தான் பார்த்து வரணும்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) பொது இடங்களைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதை மீறினால் இன்ன தண்டனை என்று அதில் இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இப்படி மஞ்சள் ஓடுகளை மறைக்கும் வண்டிகளைப் புகார் கொடுத்து அகற்ற வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கே, எப்படிக் கொடுத்தீர்கள்? மலாயில் நல்லபடி கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் வேண்டும்.

சனிக்கிழமை காலை கடைக்காரர்களிடம் நேரில் பேசப் போகிறேன். பூக்கடை அக்கா தன் வாளிகளை ஏற்கனவே நகர்த்திவிட்டார். கூட வர முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.