ஆக்சலோட்டல் தொட்டியைக் குளிராக வைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு வயது ஆக்சலோட்டல் (பல்லி மாதிரி உருவத்தோடு தண்ணீரிலேயே வாழும் சலமந்தர் வகை) ஒன்று இருக்கிறது, மகள் முத்து என்று பெயர் வைத்திருக்கிறாள். சூடான கச்சான் காற்று தொடங்கியதில் இருந்து பகலில் தொட்டித் தண்ணீர் 28 பாகைக்கு ஏறிவிடுகிறது. மெக்சிக்கோவின் சொச்சிமில்கோ கால்வாய்களில் குளிர்ந்த தண்ணீரில் வாழ்ந்து பழகிய உயிர் இது. 16 முதல் 18 பாகைதான் நல்லது, 24ஐத் தாண்டினாலே வருத்தம் வந்துவிடும்.

மூன்று நாளாக மண்புழுவைக் கிட்டக் கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. செவுள்கள் முன்பக்கம் வளைந்து, வால் நுனியும் சுருண்டிருக்கிறது. செவுளில் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் இன்னும் இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். தண்ணீரைச் சோதித்ததில் கழிவால் வரும் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம், நைட்ரேட் 20.

மூடியைக் கழற்றி, வலை போட்டு, சின்ன மின்விசிறியைத் தண்ணீர் மேல் திருப்பி வைத்திருக்கிறேன், 2 பாகை குறைகிறது. ஐஸ் போத்தல் போட்டால் சட்டென்று இறங்கி, இரண்டு மணித்தியாலத்தில் திரும்ப ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கமே அதை இன்னும் வாட்டுமோ என்று பயமாக இருக்கிறது.

100 லீற்றர் தொட்டிக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிராக்கும் கருவி) பூட்டியவர்கள் யாரும் இருக்கிறீர்களா? எவ்வளவு திறன் போதும், கரண்ட் பில் எப்படி வருகிறது? அது வரும்வரை முத்துவைக் குளோரின் நீக்கிய தண்ணீர் உள்ள பெட்டியோடு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பார்க்கலாமா? செய்து பார்த்தவர்கள் இன்றைக்கே சொன்னால் பெரிய உதவி.