ஒப்ஜெக்ட் டேட்டாபேஸ் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். இவ்வளவு நாளும் தரவுகளை அட்டவணைகளில் வைக்கும் மைஎஸ்கியூஎல்தான். இப்போது, தரவுகளை ஒப்ஜெக்டுகளாகவே (ஒரு பொருளின் விவரங்களெல்லாம் சேர்ந்த ஒரே அலகாக) சேமிக்கும் ஒப்ஜெக்ட் டேட்டாபேஸ் வடிவமைப்பு படிக்கிறேன்.

ஒவ்வொரு ஒப்ஜெக்டுக்கும் அதன் மதிப்புகளைச் சாராத ஓர் அடையாளம் உண்டு, ஜொயின் (அட்டவணைகளை இணைக்கும் வினவல்) போடாமலே ஒன்றிலிருந்து மற்றதுக்கு நேரே போகலாம் என்பது வரை சரி. அதற்கப்புறம்தான் சிக்கல். 'வாகனம்' என்ற கிளாஸில் (ஒரே வகை ஒப்ஜெக்டுகளுக்கான வார்ப்பு) ஆயிரக்கணக்கில் ஒப்ஜெக்டுகளைச் சேமித்த பிறகு அதில் ஒரு புதிய பண்பைச் சேர்த்தால், பழைய ஒப்ஜெக்டுகளை என்ன செய்வது? உடனே எல்லாவற்றையும் மாற்றுவதா, எடுக்கும்போது ஒவ்வொன்றாக மாற்றுவதா?

ஒப்ஜெக்ட் டேட்டாபேஸ்களுக்கான ஓடிஎம்ஜி 3.0 தரம் 2000இல் வந்தது. அதன் வினவல் மொழியான ஓகியூஎல்லை இன்றும் படிக்கலாமா, இல்லை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஒப்ஜெக்டுகளை அட்டவணைகளோடு பொருத்தும் ஹைபர்நேட் பக்கம் போவதா? (ஹைபர்நேட் எனக்கு ஒட்டுப்போட்ட சட்டை மாதிரித்தான் படுகிறது.)

ஞாயிறு பின்னேரம் பம்பலப்பிட்டிப் பக்கம் யாராவது ஒரு மணித்தியாலம் சொல்லித் தந்தால், தேத்தண்ணி என் செலவு.