மறு: கோயில் வளைவுக் காசும் ஆற்று மணலும்

எல்லோருக்கும் வணக்கம்.

வளைவுக்குக் காசு கேட்டு வந்த மடல்களை வாசித்தேன். பொருளாளர் அண்ணை கணக்குக் கேட்பது நியாயம்தான். தேர்முட்டி (தேரில் ஏறும் மேடை) கட்டிய கணக்கே இன்னும் வரவில்லை. ஆனால் மாமி ஊருக்குப் போய்வந்து, ஆற்று மணலைக் கள்ளமாக டிப்பரில் அள்ளுகிறார்கள் என்று எழுதியதற்கு ஒருவரும் பதில் போடாதது எனக்குப் பெரிய மனவருத்தம்.

முல்லைத்தீவு மாவட்டத்து வவுனிக்குளத்துக்குக் கீழே பாலியாற்றங்கரையில் துறையடி மருதுகளின் வேர் ஆளுயரத்துக்கு வெளியே நிற்கிறதாம். டிப்பர் இறங்கக் கிரவல் போட்டு வழி வெட்டியிருக்கிறார்கள். கரை வளவுக் கிணறு சித்திரைக்கு முன்பே வற்றிவிட்டது.

மாமி கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். எங்கும் "அது எங்கட பொறுப்பில்லை" என்ற பதில்தான். மண் அகழ அனுமதி தருவது, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். சூழல் நிபந்தனை மத்திய சுற்றாடல் அதிகாரசபையுடையது. அரச காணிக்குப் பிரதேச செயலாளர், காட்டுக்கு வனவளத் திணைக்களம், டிப்பரை மறிக்கப் பொலிஸ். இரவில் மறிக்கிற பொலிஸ்காரர் பேப்பரைத்தான் பார்க்கலாம். மண் அனுமதித்த இடத்தில் அள்ளியதா, அரை மைல் தள்ளி அள்ளியதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லை தெரிந்த அதிகாரி அந்த நேரம் அங்கே இல்லை. கள்ள மண் போவது இந்த இடைவெளியால்தான். அதனால் இவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் ஆற்றுக்குள் இறக்கி, எல்லைக்கல் நாட்டுவித்து, அந்த வரைபடத்தைப் பொலிசிடமும் விதானையாரிடமும் (கிராம அலுவலர்) கொடுக்கவைக்க வேண்டும்.

முதலில் அனுமதிப்பத்திரப் பிரதி வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயரில் கேட்க முடியாது. அப்படிக் கேட்க உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். நாங்கள் பாதிப்பேர் வேறு பாஸ்போர்ட். ஊரிலுள்ள கமக்கார (விவசாயிகள்) அமைப்புக் கேட்கட்டும். அப்புறமும் அசையாவிட்டால், பொதுத் தொல்லை என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவில் நீதவானிடம் போகலாம். காசு தேவைப்படுவது அதற்கு வைக்கும் சட்டத்தரணிக்கு.

வழக்கென்று போனால் ஊர் மானம் போய்விடும் என்று பெரிய வளவு அண்ணை எழுதியிருந்தார். அண்ணை, டிப்பர் யாருடையது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இடம்பெயர்ந்த நேரம் அவர்களின் டிராக்டரில்தான் அம்மாவை ஏற்றினோம். அந்த நன்றி சாகும்வரை இருக்கும். அதற்காக ஆற்றை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள்.

வளைவு அடுத்த வருடம் கட்டலாம். என் பங்கை இதற்கு மாற்றுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் போகக்கூடாது, கணக்கு மாதாமாதம் இந்தக் குழுவுக்கே வரட்டும். கமக்கார அமைப்புத் தலைவரோடு கதைக்க ஞாயிறு இரவு மாமியை அழைக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் அதற்கு முன் சொல்லுங்கள்.

அன்புடன்,
துறையடித் தங்கச்சி